தரை வீட்டோடு வராது

கும்பகோணம் பக்கத்திலிருந்து:

பழைய வீட்டை மராமத்து பண்ணுவதைப் பற்றி இந்தக் குழுவில் நிறையப் பேர் கேட்கிறீர்கள். பின்னால் ஜாக்கி வைத்துத் தூக்கி நகர்த்த வேண்டிவந்த வீட்டில் நான் பண்ணின தப்பை எழுதிவிடுகிறேன். யாருக்காவது ஒரு லட்சம் மிச்சமானால் சரி.

அப்பா 1978-ல் கட்டின வீடு. முன்னால் திண்ணை, கூடம், இரண்டு அறை. இதெல்லாம் காங்கிரீட் தளம். பின்னால் அடுப்படியும் நெல் அறையும் மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரத்தின் மேல் சின்னச் செங்கல்லைக் குத்துக்கல்லாக நிறுத்தி, சுண்ணாம்புக் காரை போட்ட தளம். சுவரெல்லாம் செங்கல், சிமெண்டுச் சாந்து. அப்பா போனபிறகு அம்மா தனியாக இருக்கிறாளே, வீடாவது பளிச்சென்று இருக்கட்டும் என்று காவித் தரைக்கு மேலேயே டைல்ஸ் ஒட்டினேன். பட்டி பார்த்து பெயிண்ட் அடித்தேன். அடுப்படிக்கு கிரானைட் மேடை.

"ரோடு வரப்போகுது" என்று ஊரில் பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். யாரும் நம்பவில்லை, நானும்தான். தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் 1956-ல் 3ஏ என்று ஒரு பிரிவு. அதன்படி நிலம் எடுக்கப்போகிறோம் என்று அறிவிப்பு வந்தால் 21 நாளுக்குள் ஆட்சேபம் சொல்ல வேண்டும். அப்புறம் 3டி அறிவிப்பு வந்ததும் நிலம் மத்திய அரசுக்குப் போய்விடும். நான் டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்த மாதம்தான் பேப்பரில் 3ஏ வந்திருக்கிறது. திருப்பூரில் உட்கார்ந்துகொண்டு நான் எந்தப் பேப்பரைப் பார்த்தேன்!

முன்பக்கம் 22 அடி போயிற்று. திண்ணை முழுசும், கூடத்தில் பாதியும். கொல்லையில் இடம் இருக்கிறது. இடித்துவிட்டுப் புதுசாகக் கட்டலாமா என்று நாங்கள் பேசிக்கொண்டிருக்க, அம்மா சொன்னாள்: "வீட்டை அப்படியே தள்ளி வைக்கிறதை டிவியில காமிச்சானேடா."

வீடு தூக்குகிற ஆட்களை வரவழைத்தோம். சூப்பர்வைசர் அரியானாக்காரர். கூடத்துக்குள் வந்தவர் மேலே பார்க்கவே இல்லை. புது டைல்ஸைக் குதிகாலால் இரண்டு தட்டு தட்டிவிட்டு இந்தியில் ஏதோ சொன்னார். கூட வந்த எங்கள் ஊர் மேஸ்திரி என்னைப் பார்த்து, "தரை வராது தம்பி. சுவரும் மேல்தளமுந்தான் வரும்" என்றார்.

யோசித்தால் சின்ன விஷயம். தரை என்பது சுவர்களுக்கு நடுவில் கொட்டின மணலின் மேல் கிடப்பது, எதோடும் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. ஜாக்கி போவதோ சுவருக்கு அடியில். அதற்கு ஒவ்வொரு சுவருக்கும் இரண்டு பக்கமும் மூணு அடி அகலத்துக்கு வானம், அதாவது அஸ்திவாரப் பள்ளம், தோண்டுகிறார்கள். பத்தடி அறையில் இந்தப் பக்கம் மூணு, அந்தப் பக்கம் மூணு போனால் என்ன மிஞ்சும்? டைல்ஸை இரண்டே நாளில் உடைத்து வண்டியில் அள்ளினார்கள். கிரானைட் மேடையும் போயிற்று. பெயிண்டைக் கேட்கவே வேண்டாம்.

ஆகவே வீடு நகரப்போகிறது என்றால் தரை, குழாய், ஒயரிங், பெயிண்ட் எதையும் தொடாதீர்கள். அதெல்லாம் போய்ச் சேர்ந்தபிறகு. முன்னாடியே செய்ய வேண்டிய மராமத்து வேறு. கண்ணுக்கே தெரியாத வேலை, வருகிறவன் யாரும் பாராட்டவும் மாட்டான்.

மேஸ்திரி ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு அடிச்சுவர் முழுக்கக் குத்திக்கொண்டே போனார். குளியலறைச் சுவரில் பிடி வரைக்கும் இறங்கியது. உப்பு அரித்த செங்கல், விரலால் தேய்த்தால் மாவு. பாரம் முழுக்க உட்காரப்போகிற இடமே அதுதான். ஒரு முழம் விட்டு ஒரு முழம் உருவி, புதுக்கல் வைத்து, அது இறுகினபிறகுதான் அடுத்ததை உருவினார்கள். சேர்ந்தாற்போல் உருவினால் சுவர் உட்கார்ந்துவிடும். வாசல், ஜன்னல் திறப்புகளையெல்லாம் தற்காலிகமாகச் செங்கல் வைத்து அடைத்தார்கள். மாடித் தண்ணீர்த் தொட்டியை இறக்கினோம். இருந்த விரிசல்களுக்குக் குறுக்கே சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகளைச் சாந்து வைத்து ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதினார்கள். விரிசல் மயிரிழை அகன்றாலும் கண்ணாடி உடைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

மெட்ராஸ் டெரஸ் பக்கத்தைக் கொண்டுவர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். உத்தரம் சுவர்மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறதே தவிர, காங்கிரீட் தளம் மாதிரி நாலு சுவரையும் சேர்த்துப் பிடிப்பதில்லை. அதைக் கழற்றினோம். 11 தேக்கு உத்தரம், ஒன்றைக்கூடச் செல் அரிக்கவில்லை.

கொல்லையில் புது அஸ்திவாரம் முன்கூட்டியே போட்டாயிற்று. நடுவில் ஒரு பழைய கிணறு. தூர்ந்துபோனது என்று பத்து வருஷத்துக்கு முன்னால் குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டி மூடியிருந்தோம். வீட்டை உருட்டிக்கொண்டு போகிற தண்டவாளம் அதன்மேல்தான் போகவேண்டும். மறுபடி தோண்டி, கிராவல் கொட்டி, தண்ணீர் விட்டு, அடுக்கடுக்காக இடிக்கச் சொன்னார்கள். இடித்தோம். மேலே ஆறு அடிக்கு. அதற்குக் கீழே "போதும்பா" என்று விட்டது நான்தான்.

சுவருக்கடியில் 180 ஜாக்கி. விசில் அடித்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் கம்பியால் கால் சுற்று திருப்ப வேண்டும். ஒருத்தன் முந்தினாலும் கெட்டது. கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி, அடியில் இரும்பு உத்தரமும் உருளையும் கொடுத்து, பக்கவாட்டில் ஜாக்கி வைத்துத் தள்ளினார்கள். ஒரு நாளைக்கு நாலைந்து அடி. நாலாம் நாள் மத்தியானம் கிணற்று மேல் வந்தபோது அந்தப் பக்கத் தண்டவாளம் இரண்டு அங்குலம் இறங்கிவிட்டது. சத்தமே இல்லை. பூஜை அறை வாசலுக்கு மேல் லிண்டலில் ஒட்டியிருந்த கண்ணாடி மட்டும் 'டிக்'கென்றது. சூப்பர்வைசர் விசிலை இரண்டு தடவை ஊதினார், பதினாறு பேரும் கம்பியைக் கீழே போட்டார்கள். அன்றைக்கும் மறுநாளும் தள்ளவில்லை. அந்த மூலையில் மரக்கட்டையை அடுக்கி, டியூப் லெவல் பிடித்து மட்டம் பார்த்து, இரண்டு அங்குலத்தையும் திரும்ப எடுத்தார்கள். விரிசல் நின்றுவிட்டது.

மொத்தம் 45 அடி. அம்மா வீட்டுக்காக அழவில்லை. வழியில் நின்ற தென்னையை வெட்டினதற்குத்தான் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தாள்.

வேளச்சேரியிலிருந்து:

எங்களுடையது நகர்த்தல் இல்லை சார், தூக்கல் மட்டும். ரோடு போடும்போதெல்லாம் பழசைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு வீடு பள்ளத்துக்குப் போய்விட்டது. 2015 டிசம்பரில் கூடத்தில் இடுப்பளவு தண்ணி. அடுத்த கோடையிலேயே நாலு அடி தூக்கினோம்.

நீங்க சொன்ன தரைக் கதை இங்கேயும் அதேதான். கூடவே ஒண்ணு. வீட்டை நாலு அடி தூக்கினா உள்ளே நாலு அடி பள்ளம். அதை யார் ரொப்புறது? கொட்டேஷன்ல அது கிடையாது. கிராவலும் மணலுமா லாரி லாரியா வந்தது. எங்க சந்துக்குள்ள லாரி நுழையாது, மெயின் ரோட்டுல கொட்டி தலைச்சுமையா அடிக்கணும். தூக்குற கூலியைவிட ரொப்புற செலவு அதிகம். சரியாத் தண்ணி விட்டு இடிக்காததால ஒரு வருஷத்துல ஒரு அறை டைல்ஸ் அமுங்கிப் போச்சு, அது தனிக்கதை.

வெளிமாடிப்படியையும் கவனிங்க. அது தளத்தோட சேர்த்து வார்த்தது. அறுக்காம தூக்கினா தளத்தைக் கிழிச்சிடும். எங்களோடதை முதல் நாளே அறுத்துட்டு, ரெண்டு மாசம் மரஏணியிலதான் மாடிக்குப் போனோம். ஒரே நல்ல விஷயம், கழிவறைக் குழாய்க்கு ஜம்முனு வாட்டம் கிடைச்சுது.

காரைக்குடி பக்கத்திலிருந்து:

எங்க அப்பத்தா வீட்டுக்கும் ஜாக்கி ஆட்களைத்தான் முதல்ல கூப்பிட்டேன். சுவத்தில ஒரு கல்லைப் பெயர்த்துப் பார்த்துட்டு கும்பிடு போட்டுட்டுப் போயிட்டாங்க. உள்ளே மண் சாந்து, வெளியே மட்டும் சுண்ணாம்பு. அடியில கத்தி வச்ச மாதிரி வெட்டினா பொலபொலன்னு உதிர்ந்துரும்னாங்க. நியாயந்தான்.

அதனால கழற்றி, 7 கிலோமீட்டர் தள்ளி எங்க மனையில திரும்பக் கட்டினோம். பைத்தியக்காரத்தனம்னு சொல்லாதவங்க இல்லை. முதல்ல சென்னை பக்கம் முட்டுக்காடு தட்சிணசித்ரா மியூசியத்துக்குப் போய் ரெண்டு நாள் பார்த்தேன். 1996-ல திறந்தது. கோட்டயம் புதுப்பள்ளியில இருந்த சிரியன் கிறிஸ்தவர் வீட்டைக் கழற்றிக்கொண்டு வந்து அங்கே நிறுத்தியிருக்காங்க. செட்டிநாட்டு வீடும் இருக்கு. மரவீடு கழற்றுறது கொஞ்சம் சுலபம், எல்லாம் குடுமியும் துளையுமா சேர்ந்திருக்கும், ஆப்பைத் தட்டினா பிரியும். நம்ம பக்கத்து வீட்டில மரம், கல், ஓடு எல்லாம் கலந்து கிடக்கே.

முதல் வாரம் சாக்பீஸால நம்பர் போட்டோம். ஒரு மழையில எல்லாம் அழிஞ்சுபோச்சு. அறுபது கைமரத்தில எது எங்கேன்னு தெரியலை. தலையில கைவச்சு உட்கார்ந்திருக்கையில, பெரிய ஆசாரி ஒரு உத்தரத்தைப் புரட்டிப் போட்டார். சுவத்துக்குள்ள செருகியிருந்த முனையில உளியால வெட்டின கோடுகள், மூணு கோடு, பக்கத்தில ஒரு பிறை. அடுத்ததுல நாலு கோடு, அதே பிறை. கட்டின ஆசாரிமாரே போட்டு வச்ச அடையாளம்! "நம்ம பாட்டன்மார் எழுதி வச்சிட்டுப் போயிருக்காங்க ஆத்தா, நீங்க சாக்பீஸைத் தூக்கிப் போடுங்க"ன்னாரு. அதுக்கப்புறம் நாங்களும் உளிதான்.

தரை வராதுன்னு மேலே எழுதியிருக்கீங்க. எங்களுக்கு வந்துச்சு! ஆத்தங்குடிக் கல், அதாவது கையால வார்க்கிற தரைக்கல், அடியில சுண்ணாம்புச் சாந்து. ஓரத்தில தகட்டைக் கொடுத்து மெதுவா நெம்பினா முழுசாக் கையில வந்துரும். பாதிக்குமேல தேறிச்சு. பிற்பாடு எங்க சித்தப்பா ஒரு அறைக்கு மட்டும் சிமெண்டு வச்சு ஒட்டியிருந்தாரு, அதுல ஒரு கல்லுகூட உடையாம வரலை. அதனால பழைய வீட்டை மராமத்து பண்றப்போ தயவுசெஞ்சு சுண்ணாம்பு இருக்கிற இடத்தில சிமெண்டைக் கொண்டுபோய் அப்பாதீங்க. நாளைக்குக் கழற்ற வேண்டி வந்தா எதுவும் மிஞ்சாது. சுவத்துக்கு மூச்சும் போயிரும், ஈரம் உள்ளேயே தங்கிக்கிரும்.

புதுச் சுவத்துக்குச் சுண்ணாம்பை ஊறவச்சு, கடுக்காயும் கருப்பட்டியும் போட்ட தண்ணியில குழைச்சோம். சித்தாளுங்க கையில புளிச்ச வாசம் ஒரு மாசம் போகலை. விட்டுப்போன கதவும் தூணும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடைகள்ல தேடினேன். அளவு ஒத்துவர ஒரு தூண் கிடைக்க நாலு மாசம்.

கும்பகோணம் பக்கத்திலிருந்து, மறுபடி:

காரைக்குடிக்காரங்களுக்கு: காவித் தரையைத் தகடு கொடுத்து எடுக்க முடியாது, அது ஒரே பாளமாக வார்த்தது. எடுத்தால் சில்லு சில்லாகத்தான் வரும். வாசல்படிக் கருங்கல்லை மட்டும் நாலு பேர் தூக்கிக்கொண்டு போய்ப் புது இடத்தில் போட்டோம்.

எவ்வளவு ஆச்சு என்று தனியாகக் கேட்டவர்களுக்கு: நகர்த்தின கூலி, அஸ்திவாரம், மறுபடி தரை, குழாய், ஒயரிங் எல்லாம் சேர்த்து 14 லட்சம். சுமார் 800 சதுர அடி. இன்னும் மூணு நாலு லட்சம் போட்டால் அதே அளவில் புதுவீடே கட்டியிருக்கலாம். லாபம் என்று சொல்ல மாட்டேன். அம்மாவுக்காகச் செய்தது, அவ்வளவுதான். காங்கிரீட் தளமும் நல்ல செங்கல்லும் இருந்ததால் முடிந்தது. சுவர் ஈரம் குடித்து, கம்பி துருப்பிடித்து, தளம் உதிர்கிற வீடு என்றால் நானே வேண்டாம் என்பேன்.

மின் இணைப்பை மாற்றித் தர மனு கொடுப்பதை வீடு நகர்வதற்கு முன்னாலேயே கொடுத்துவிடுங்கள். நாங்கள் நகர்ந்தபிறகு கொடுத்தோம், மூணு வாரம் இருட்டு.

பூஜை அறை விரிசலைப் பூசிவிட்டீர்களா என்று ஒருவர் கேட்டிருந்தார். இல்லை. உடைந்த துண்டை எடுத்துவிட்டுப் புதுக் கண்ணாடி ஒட்டி, தேதி போட்டிருக்கிறோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் புது மண் எவ்வளவு அமுங்குகிறது என்று பார்த்துவிட்டுத்தான் பூச்சு என்று மேஸ்திரி சொல்லியிருக்கிறார். அம்மா தினம் விளக்கேற்றும்போது அதை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு போனில் சொல்கிறாள். நேற்று வரைக்கும் முழுசாக இருக்கிறது.