டபுள் பெடல்: 110க்கு மேல இடது கால் பின்தங்குது, காலா பெடலா?

சர்ச்_டிரம்மர்:
வணக்கம். சில வருஷமா சர்ச்ல சிங்கிள் பெடல்ல வாசிக்கிறேன். மெட்டல் வாசிக்கணும்னு ஆசை, அதனால செகண்ட்ஹேண்ட்ல ஒரு டபுள் பெடல் (ஒரே பேஸ் டிரம்மை ரெண்டு காலாலயும் அடிக்க உதவுற ஜோடி பெடல்) வாங்கினேன். மெட்ரோனோமை (தாளம் தட்டிக் காட்டுற கருவி) நிமிஷத்துக்கு 90 பீட்ல வெச்சு, பீட்டுக்கு நாலு அடி வீதம் வலது இடதுன்னு மாத்தி மாத்தி வாசிச்சா ஓரளவு சமமா வருது. 110 தாண்டினதும் இடது கால் பின்தங்கி, குதிரை ஓடுற மாதிரி நொண்டுது. இடது அடியோட சத்தமும் கம்மி. முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் எரியுது. வேகத்தைக் கூட்டிக் கூட்டிப் பழகினா சரியாகிடுமா?

பழைய_தோல்:
தம்பி, வேகத்தை இப்போதைக்கு விடுங்க. கோளாறு காலா பெடலான்னு முதல்ல பிரிக்கணும். ஸ்டூலை நகர்த்தி உட்கார்ந்து, இடது காலை வலது பெடல்ல வைங்க. 110ல பீட்டுக்கு ரெண்டு அடி மட்டும் வாசிங்க. ரெண்டு காலும் சேர்ந்து நாலு அடி அடிக்கும்போது ஒரு காலோட பங்கு அவ்வளவுதான். அப்புறம் அதே காலை இடது பெடலுக்கு மாத்துங்க. ரெண்டு இடத்துலயும் தடுமாறினா கால். இடது பெடல்ல மட்டும் தடுமாறினா பெடல்.

இடது பெடல் எப்பவுமே கொஞ்சம் கனக்கும். அந்த மிதி, ரெண்டு பெடலையும் இணைக்கிற ஷாஃப்ட்டையும் (கம்பி) அதோட ரெண்டு முனை மூட்டையும் தாண்டித்தான் தோலை அடிக்கிற சுத்தியலான பீட்டருக்குப் போகுது. மூட்டு ஸ்க்ரூ தளர்ந்திருந்தா அடி தாமதமா விழும், பலமும் போயிடும். இடது பீட்டரைக் கையால அசையாம பிடிச்சுக்கிட்டு மிதிபலகையை லேசா ஆட்டிப் பாருங்க. ஆட்டம் இருந்தா டிரம் கீயால இறுக்குங்க. ஷாஃப்ட் ரொம்ப மடங்கி நின்னாலும் கனக்கும், முடிஞ்ச வரை நேரா வர்ற மாதிரி இடது பெடலை நகர்த்துங்க. கடைசியா ரெண்டு பீட்டரையும் கையால தோல் வரை தள்ளுங்க. ரெண்டும் ஒண்ணா தொடணும். ஒண்ணு முந்தினா, பேஸ் டிரம்ல பெடல் கோணலா மாட்டியிருக்கலாம்.

தகதிமி:
அண்ணன் சொன்னதோட உட்காருற விதத்தையும் பாருங்க. சிங்கிள் பெடல் வாசிக்கிறவங்க உடம்புப் பாரத்தை இடது குதிகால்ல ஊன்றி, ஹைஹாட் பெடல் (ஜோடி சிம்பலைத் திறந்து மூடுற இடது கால் பெடல்) மேலேயே நிற்பாங்க. டபுள்ல அந்த ஊன்றுகோல் கிடையாது, ரெண்டு காலும் அந்தரத்துல. பாரம் முழுக்க ஸ்டூல்லதான் இறங்கணும். இடுப்பு முழங்காலை விடக் கொஞ்சம் உயரமா இருக்கட்டும். காலைத் தூக்கினதும் பின்னாடி சாயுறீங்கன்னா ஸ்டூல் தாழ்வு, இல்ல பெடல் தூரம். எரிச்சலுக்கும் பெரும்பாலும் இதுதான் காரணம்: சமநிலைக்காகப் பாதத்தை மேல்நோக்கி இழுத்துப் பிடிச்சே வாசிப்பீங்க. எரிஞ்சா நிறுத்துங்க. மறுநாளும் வலிச்சா டாக்டரைப் பாருங்க.

சர்ச்_டிரம்மர்:
நன்றி அண்ணா, நன்றி ப்ரோ. சோதிச்சேன். பீட்டர் பக்கத்து மூட்டுல நல்ல ஆட்டம். இறுக்கினதும் இடது சத்தம் வந்துடுச்சு. ஸ்டூலையும் ஏத்தினேன், எரிச்சல் குறைஞ்சிருக்கு. ஆனா வலது பெடல்லயும் இடது கால் லேசா இழுக்குது.

தகதிமி:
அப்போ மீதி கால்தான், பழகப் பழக வரும். 70ல ஆரம்பிங்க. வாயால "தகதிமி" சொல்லிக்கிட்டே, "த" இடது கால்ல விழற மாதிரி இடதுல தொடங்குங்க. சொல் சமமா வந்து கால் சமமா வரலைன்னா உடனே காதுல விழும். சமமா நின்ன பிறகுதான் மெட்ரோனோமை ரெண்டு ரெண்டா ஏத்தணும். இன்னொண்ணு, மெதுவான வேகத்துல தொடையிலிருந்து முழுக் காலும் அசையும். 140, 150 பக்கம் போகும்போது பலருக்கும் கணுக்கால்தான் வேலை செய்யும். அங்கே திரும்பத் தடுமாறுவீங்க, பயப்படாதீங்க. இப்போவே தினமும் கொஞ்சம் கணுக்காலை மட்டும் அசைச்சு, சின்னச் சின்ன அடியா பழகி வைங்க.

பழைய_தோல்:
மெட்டல் மட்டும் கேட்காதீங்க தம்பி. ரெண்டு பேஸ் டிரம்மை மேடைக்குக் கொண்டுவந்தவர்கள்ல முக்கியமானவர் லூயி பெல்சன், ஜாஸ்காரர். 1950களின் தொடக்கத்துல டியூக் எலிங்டன் குழுவுல வாசிச்சார். எங்கே காலை விடணும், எங்கே சும்மா இருக்கணும்னு அவர்கிட்ட கேட்டுப் படிக்கலாம். அது ரொம்ப முக்கியம்.

மாடி_வீடு:
நடுவுல கேட்கிறேன், மன்னிக்கவும். எலக்ட்ரானிக் கிட்ல வாசிச்சாலும் கீழ்வீட்டுல புகார். என்ன பண்ணலாம்?

பழைய_தோல்:
அது தரை வழியா இறங்குற அதிர்வு, மேட் மட்டும் போட்டா அவ்வளவா குறையாது. ரெண்டு பிளைவுட் பலகைக்கு நடுவுல டென்னிஸ் பந்துகளைப் பரப்பி ஒரு மேடை செய்யுங்க. பந்து உருளாம இருக்க கீழ்ப் பலகையில வட்டமா குழி வெட்டணும். கிட் முழுக்க, ஸ்டூலும் சேர்த்து, அது மேல இருக்கணும்.