புதுப்பிப்பு: குதிரைகளும் பிள்ளைகளின் மன அழுத்தமும்

குதிரைகளுடன் பழகுவது பிள்ளைகளின் மன அழுத்தத்துக்குச் சிகிச்சையாகும் என்று முன்பு நான் எழுதியபோது, அதற்குச் சான்று உண்டா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வில், 5 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவினரை மட்டும் முதலில் குதிரைகளுடன் சில வாரங்கள் பழகவிட்டு, இரு குழுவினரின் உமிழ்நீரிலும் கார்டிசோல் என்னும் அழுத்த ஹார்மோனை அளந்தார்கள். பழகியவர்களிடம் அதன் பிற்பகல் அளவு குறைவாக இருந்தது.

ஆனால் அவர்கள் மனநலச் சிக்கலுக்காகச் சேர்க்கப்பட்டவர்கள் அல்லர், இயல்பான பிள்ளைகள். இதை நான் கவனிக்கத் தவறியதால், 'சிகிச்சை' என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். சவாரியைவிட, நம் பதற்றத்தை உடனே உணர்ந்து விலகும் அந்தப் பெரிய விலங்கின் அருகே நிதானமாக நின்று, அதைத் தேய்த்துவிட்டு, கயிற்றைப் பிடித்து நடத்திச் செல்லப் பழகுவதே பயன் தருகிறது என்பது என் கணிப்பு.