இளைப்பு முற்றிய இரவில் எடுத்த ரத்தம்: உங்கள் வீட்டில் என்ன சொன்னார்கள்?

கவுந்தப்பாடியிலிருந்து:

எங்கள் அப்பாரு இளவயது முழுவதும் நாட்டுச்சர்க்கரை காய்ச்சும் ஆலைக்கொட்டகையில் அடுப்புக்குத் தீ தள்ளியவர். பீடியும் உண்டு. சி.ஓ.பி.டி. என்ற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் பல வருடங்களாக இருக்கிறது. போன மார்கழிப் பனியில் சளி பச்சையாகி, இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேச முடியாமல் போனது. ஈரோட்டில் அவசரப் பிரிவில் நெபுலைசர் வைத்த கையோடு, பணியிலிருந்த பெண் மருத்துவர் செவிலியரிடம், "ஸ்டீராய்டு ஊசிக்கு முன்னால் ரத்தம் எடுத்துவிடுங்கள்" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே இதை எழுதுகிறேன்.

ரத்த வெள்ளணுக்களில் ஈசினோபில் என்று ஒரு வகை. உடல் கடும் நெருக்கடியில் இருக்கும்போது அது ரத்தத்தில் வெகுவாகக் குறைந்துவிடும். ஸ்டீராய்டு போட்டாலும் குறையும். ஊசிக்குப் பிறகு ரத்தம் எடுத்தால், குறைந்தது நோயாலா மருந்தாலா என்று பிரிக்க முடியாது. அதற்காக அறிக்கை வரும்வரை ஊசியை நிறுத்தி வைக்கவில்லை. குழாயில் ரத்தம் எடுத்த அடுத்த நிமிடம் மருந்து ஏறிவிட்டது.

அப்பாருவுக்கு வந்த ஈசினோபில் எண், ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 20. ஐம்பதுக்குக் கீழே போனால் கவனம் வேண்டுமாம். இங்கிலாந்தில் உருவாக்கி 2012இல் வெளியிட்ட டீகாஃப் என்ற, இந்த நோய் முற்றி வருபவருக்கு உயிராபத்து எவ்வளவு என்று கணிக்கும் மதிப்பெண் முறையில் இதற்கு ஒரு புள்ளி. மூச்சுத்திணறலின் அளவு (இதற்கு மட்டும் இரண்டு புள்ளி வரை), எக்ஸ்ரேயில் நிமோனியா, ரத்தத்தில் அமிலம் கூடுவது, ஒழுங்கற்ற இதயத்துடிப்பு ஆகியவை மற்றவை. மொத்தம் ஆறு, மூன்றும் அதற்கு மேலும் என்றால் ஆபத்து அதிகம். "டாக்டரம்மா, என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுங்க" என்று அப்பாரு கெஞ்சினார். "இன்றைக்கு ராத்திரி நீங்கள் என் கண்பார்வையிலேயே இருக்க வேண்டுங்க அப்பாரு" என்று தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்துக்கொண்டார். பிழைத்து வந்தார். அந்த மருத்துவருக்கு எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

பல்லடத்திலிருந்து:

எனக்கு நேர் எதிர். நூற்பாலைப் பஞ்சிலேயே காலம் போனது. இளைப்பு வந்து போனபோது ஈசினோபில் 400க்கு மேல். "உங்களுக்கு ஸ்டீராய்டு நன்றாகக் கேட்கும்" என்று பிரெட்னிசோலோன் 40 மில்லிகிராம், ஐந்து நாள் கொடுத்தார்கள், சொன்னபடியே கேட்டது. தொற்றோ அழற்சியோ இருந்தால் ரத்தத்தில் கூடும் சி.ஆர்.பி. என்ற புரதம் குறைவாகவும் சளி வெள்ளையாகவும் இருந்ததால் ஆன்டிபயாடிக் எழுதவில்லை. எழுதச் சொல்லி என் மகன் வாதாடினான். சி.ஆர்.பி. பார்த்து முடிவு செய்தால் ஆன்டிபயாடிக் குறைகிறது, நோயாளிக்குக் கெடுதல் வருவதில்லை என்று பிரிட்டனில் 2019இல் வெளியான ஆய்வைச் சொல்லி, பொறுமையாகப் புரியவைத்தார் மருத்துவர்.

காங்கயத்திலிருந்து:

நான் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். அறிக்கையை வாங்கிப் பார்ப்பவர்களுக்கு இரண்டு விஷயம். பல அறிக்கைகளில் ஈசினோபில் சதவீதம் மட்டும்தான் இருக்கும். மொத்த வெள்ளணு 12,000, ஈசினோபில் 2 சதவீதம் என்றால் 240 என்று நீங்களே கணக்கிடலாம். சதவீதத்தை மட்டும் பார்த்துப் பயப்படவோ நிம்மதி அடையவோ வேண்டாம். அடுத்தது சி.ஆர்.பி.யின் அலகு: சில இடங்களில் லிட்டருக்கு, சில இடங்களில் டெசிலிட்டருக்கு அச்சிடுகிறார்கள். பத்து மடங்கு வித்தியாசம். ஊர் மாறிப் பரிசோதித்துவிட்டு "நேற்று 4, இன்று 40" என்று அழுதுகொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டும் ஒரே அளவு.

அந்தியூரிலிருந்து:

மேலே சொன்ன எண்கள் எல்லாம் எங்கள் அம்மாவுக்குப் பெரிய குறையில்லாமல் இருந்தன. அவர் புகைபிடித்தவர் அல்லர், விறகடுப்புப் புகையில் சமைத்தவர். ஆனால் தூக்கக் கலக்கமாகவே இருந்தார். மணிக்கட்டுத் தமனியில் ரத்தம் எடுத்தபோதுதான் கார்பன் டை ஆக்சைடு தேங்கியிருப்பது தெரிந்தது, ரத்தத்தில் அமிலம் கூடியதைக் காட்டும் பி.எச். 7.28. உடனே முகமூடி வைத்து, மூச்சுக்குத் துணை செய்யும் பைபேப் இயந்திரம் போட்டார்கள். அதற்கு முன்பு நாங்கள் போன ஒரு சிறு மருத்துவமனையில், ஆக்சிஜன் அளவு 90 என்று பதறி வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனார்கள். இந்த நோயில் 88 முதல் 92 வரை வைத்தால் போதும், அளவு மீறினால் கார்பன் டை ஆக்சைடு கூடும் என்பது பிறகுதான் விளங்கியது. கோபம் இன்னும் ஆறவில்லை. மயக்கம்போலத் தூங்கினால் தமனி ரத்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள், ஈசினோபிலும் சி.ஆர்.பி.யும் அதைக் காட்டாது.

மீண்டும் கவுந்தப்பாடி:

காங்கயத்து அக்காவுக்கு நன்றி; பழைய அறிக்கைகளை எடுத்துக் கணக்கிட்டு எழுதி வைத்துவிட்டேன். இன்ஹேலரில் ஸ்டீராய்டு சேர்க்கலாமா என்று முடிவு செய்ய, நோய் அடங்கியிருக்கும் நாளில் எடுத்த ஈசினோபில் எண்ணையும் கேட்கிறார்கள். 300க்கு மேல் என்றால் பலன் அதிகம், 100க்குக் கீழே என்றால் குறைவாம். அப்பாருவுக்கு அப்படி எடுத்ததே இல்லை. ஸ்டீராய்டு மருந்து நிறுத்தி எத்தனை வாரம் கழித்து உங்களுக்கு எடுத்தார்கள்?