உளவுத் திரைப்படங்களின் விறுவிறுப்பை விளக்க உதவி வேண்டும்

அன்பார்ந்த உறுப்பினர்களுக்கு வணக்கம்.

மட்டக்களப்பு, கல்லடியில் உயர்தர மாணவர்களுக்காக உளவுத் திரைப்படங்கள் பற்றிய கலந்துரையாடல் ஒன்றை ஒழுங்கு செய்கிறேன். துரத்தலும் வெடிச்சத்தமுமே இவற்றின் ஈர்ப்பு என்று பலர் கருதினாலும், பாத்திரம் அறியாத ஆபத்தை நாம் முன்கூட்டியே அறிந்திருப்பதும், யாரை நம்புவது என்ற ஐயம் இறுதிவரை தீராதிருப்பதுமே நம்மைக் கட்டிப்போடுகின்றன என்பது என் கருத்து. 2007இல் வெளியாகி, சிறந்த படத்தொகுப்புக்கான ஒஸ்கார் விருது பெற்ற ‘த போர்ன் அல்டிமேட்டம்’ திரைப்படத்தில், கண்காணிப்புக் கமராக்கள் நிறைந்த லண்டன் வோட்டர்லூ நிலையத்தினூடாக ஒரு பத்திரிகையாளரை நாயகன் தொலைபேசியிலேயே வழிநடத்தும் காட்சி இதற்கு அருமையான சான்று.

இக்காட்சியின் படத்தொகுப்பை எளிய தமிழில் விளக்கக்கூடியவர்கள் மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ இருந்தால் தயவுசெய்து அறியத்தாருங்கள். 1986இல் வந்த தமிழ் உளவுத் திரைப்படமான ‘விக்ரம்’ பற்றிய அக்காலச் சஞ்சிகை விமர்சனங்களை வைத்திருப்போர் பிரதி தந்துதவினால் பெரிதும் நன்றியுடையேன்.