வீடியோ கேம் டிரெய்லரை நம்பிக் காசு கட்டினவங்க, உங்க அனுபவத்தை எழுதுங்க

மஞ்சக்குப்பம், கடலூர்:

2018-ல நடந்தது. சிப்காட்ல ஒரு கம்பெனியில அப்ரெண்டிஸா சேர்ந்து ஆறு மாசம் ஆகியிருந்தது. சேர்த்த காசுல டிவியில மாட்டி கேம் ஆடுற மெஷின், பழைய பிளேஸ்டேஷன் 4 ஒண்ணு வாங்கியிருந்தேன். அந்த வருஷம் வரப்போற ஒரு கேமோட டிரெய்லரை நானும் தம்பியும் எத்தனை தடவை பார்த்தோம்னு கணக்கே இல்ல. மழை பெய்யுற ராத்திரி, பெரிய நகரம், தெரு முழுக்க ஜனம், ஆளுக்கொரு குடை, ரோட்டுல தேங்கின தண்ணியில கடை விளக்கெல்லாம் தெரியும். தம்பி அப்போ பிளஸ் டூ. பரீட்சை அட்டவணை ஒட்டியிருந்த சுவத்துலயே கேம் வர்ற தேதியையும் எழுதி ஒட்டி, தினம் ஒரு கோடு அடிப்பான்.

கேமோட பேரை வேணும்னுதான் எழுதல. பேர் போட்டா பேச்சு அதைப் பத்தியே போயிடும். நான் சொல்ல வந்தது வேற.

மூணு வாரம் முன்னாடியே பாண்டிச்சேரி போய் ஒரு கடையில ஆயிரம் ரூபாய் முன்பணம் கட்டினேன். மொத்தம் 3,999. முன்பணம் கட்டினா கேம்ல வர்ற ஆளுக்கு மாட்ட ஒரு கோட்டும் ரெண்டு துப்பாக்கியும் கூடுதலா கிடைக்கும்னு போட்டிருந்தாங்க. அந்தக் கோட்டுக்காகத்தான் தம்பி அவ்வளவு பிடிவாதம் பிடிச்சான். வந்த அன்னிக்கு அரை நாள் லீவு போட்டு வாங்கிட்டு வந்தேன். அரியாங்குப்பம் பாலத்துகிட்ட பஸ் ரொம்ப நேரம் நின்னுச்சு. மடியில டிஸ்க் பெட்டி. மேல சுத்தின பிளாஸ்டிக் தாளைத் தம்பிதான் பிரிக்கணும்னு நான் தொடவே இல்ல.

டிஸ்க்கைப் போட்டதும் 22 ஜிபி அப்டேட் கேட்டுச்சு. என் போன்ல நாளைக்கு ஒன்றரை ஜிபிதான். மெஷினைத் துண்டுல சுத்தி ஸ்கூல் பையில வெச்சு, திருப்பாதிரிப்புலியூர்ல பிராட்பேண்ட் இருந்த நண்பன் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனோம். ராத்திரி முழுக்க அங்கேயே ஓடவிட்டு மறுநாள் எடுத்துட்டு வந்தோம்.

தம்பி சாப்பாட்டுத் தட்டோட வந்து டிவி முன்னாடி உட்கார்ந்தான். மழை இருந்துச்சு, நகரம் இருந்துச்சு, ஜனம்தான் இல்ல. தெருவுக்கு ரெண்டு மூணு பேர். அதுல ஒருத்தன் சுவத்தைப் பார்த்து நடந்துகிட்டே இருந்தான், கால் மட்டும் அசையுது, ஆள் நகரல. வண்டியை வேகமா ஓட்டினா எதிர்ல ரோடு வெறும் சாம்பல் பலகையா வந்து, நாம தாண்டின பிறகுதான் அதுல கோடும் தண்ணியும் வரும். மெஷினோட ஃபேன் சத்தத்துல வசனம் கேக்கல. அரை மணி நேரத்துல கேம் நின்னு, நீலத் திரையில ஏதோ ஒரு எண் வந்துச்சு. திரும்பப் போட்டோம், திரும்ப நின்னுச்சு. தட்டுல சோறு காஞ்சு போச்சு. தம்பி மெதுவா, "அண்ணா, நம்ம மெஷின்லதான் ஏதோ பிரச்சனை போல. பழசுதானே வாங்கினோம்"னான்.

காசு போனது கூடப் பெருசில்ல. அந்தப் பேச்சுதான் எனக்கு இன்னும் ஆறல. வித்தவங்க பண்ணின தப்பை ஒரு பையன் தன் வீட்டு ஏழ்மை மேல போட்டுக்கிட்டான். பத்து நாள் கழிச்சு டிஸ்க்கைத் திருப்பிக் கொடுக்கப் போனப்ப 900 ரூபாய்தான் தர முடியும்னாங்க.

ரெண்டு வருஷம் கழிச்சு சைபர்பங்க் 2077-ங்கிற கேம் வந்தப்பதான் எங்களுக்கு நடந்தது எங்களுக்கு மட்டும் நடக்கலன்னு புரிஞ்சுது. 2020 ஏப்ரல் 16-ல வரும்னு சொல்லி, மூணு தடவை தள்ளிப்போய், டிசம்பர் 10-ல வந்துச்சு. அதுக்கு முன்னாடியே 80 லட்சம் பிரதிக்கு ஜனங்க ஆர்டர் போட்டிருந்தாங்க. விமர்சகர்களுக்கு முன்கூட்டியே கொடுத்தது கம்ப்யூட்டர்ல ஓடுற பிரதி மட்டும்தான். தாங்க ஆடினதைப் படம் பிடிச்சுப் போடவும் அனுமதி இல்ல, கம்பெனி கொடுத்த காட்சிகளைத்தான் காட்டணும். பிளேஸ்டேஷன் 4-ல அது எப்படி ஓடுதுன்னு வெளியான அன்னிக்கு வரைக்கும் வெளியில முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. தெரிஞ்ச பிறகு ஒரே வாரத்துல, பிளேஸ்டேஷன் செய்யுற சோனி கம்பெனி அதைத் தன்னோட ஆன்லைன் கடையிலிருந்தே எடுத்துட்டு, கேட்டவங்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துச்சு. மறுபடி விற்பனைக்கு வந்தது 2021 ஜூன்ல.

எங்கம்மா முதுநகர் துறைமுகத்துல மீன் வாங்கும்போது கூடப் போயிருக்கேன். வஞ்சரமோ சங்கராவோ, எவ்வளவு தெரிஞ்ச ஆள்கிட்ட வாங்கினாலும் செவுளைத் தூக்கிப் பார்த்து, செவப்பா இருந்தாத்தான் விலையே பேசுவாங்க. இருநூறு ரூபாய் மீனுக்கு அவ்வளவு பார்க்கிற வீட்டுல பிறந்துட்டு, நாலாயிரம் ரூபாய் பொருளுக்கு அது வலையில விழுறதுக்கு முன்னாடியே நான் காசு கட்டிட்டு வந்தேன்.

உங்களுக்கும் இப்படி நடந்திருந்தா எழுதுங்க.


லாஸ்பேட்டை, புதுச்சேரி:

தம்பி, படிச்சுட்டு மனசு கஷ்டமாப் போச்சு. நான் உங்களுக்கெல்லாம் அக்கா வயசு. எங்க காலத்துலயும் இது உண்டு.

நான் ஆறாவது படிக்கிறப்ப அப்பா ரோடியர் மில்லுல வேலை. போனஸ் வந்த ஞாயித்துக்கிழமை காந்தி வீதி சண்டே மார்க்கெட்டுக்குக் கூட்டிட்டுப் போனார். வீட்டுல டிவி கேம் ஏற்கெனவே இருந்துச்சு, கேசட் மட்டும் வேணும். தரையில விரிச்ச தார்ப்பாய் மேல மஞ்சள் கேசட் ஒண்ணு, அதுல "9999 இன் 1"னு போட்டிருந்தது. நானும் அக்காவும் ஒருத்தி கையை ஒருத்தி கிள்ளிக்கிட்டோம். தினம் ஒரு கேம் ஆடினாலே இருபத்தேழு வருஷம் வரும்னு பஸ்ஸுலயே அக்கா கணக்குப் போட்டுட்டா.

வீட்டுக்கு வந்து, கேசட் அடியில ஊதிட்டு, சொருகிப் போட்டோம். பட்டியல் வந்துச்சு. முதல்ல கான்ட்ரா, ரெண்டாவது மரியோ, அப்புறம் பீரங்கி வண்டி, வாத்து சுடுறது. பதினஞ்சாவது போனா திரும்பவும் கான்ட்ரா, பேர் மட்டும் வேற. இருபத்தி மூணாவதும் மரியோதான், ஆனா மூணாவது கட்டத்திலிருந்து ஆரம்பிக்கும். அக்கா ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்து ஒவ்வொண்ணா எழுத ஆரம்பிச்சா. நாலு நாள் எழுதினோம். இருநூறு வரைக்கும் போயும் தனித்தனி கேம் பன்னெண்டைத் தாண்டல. அப்பா தினமும் ஷிஃப்ட் முடிஞ்சு வந்து "இன்னிக்குப் புதுசா எது ஆடினீங்க?"ன்னு கேப்பார். நாங்க அவர்கிட்ட உண்மையைச் சொல்லவே இல்ல. பட்டியல்ல இருந்த பேரையே படிச்சுக் காட்டினோம்.

இந்தத் தொழிலுக்கே இது பழைய வியாதி. 1982-ல அட்டாரி கம்பெனி ஈ.டி. படத்துக்கு ஒரு கேம் போட்டுச்சு. கிறிஸ்துமஸுக்குள்ள வந்தாகணும்னு ஏறக்குறைய அஞ்சு வாரத்துல செஞ்சு முடிச்சது. விக்காம தேங்கினதை மத்த சரக்கோட சேர்த்து அடுத்த வருஷம் நியூ மெக்சிகோவுல ஒரு குப்பைமேட்டுல புதைச்சாங்க. 2014-ல தோண்டி எடுத்தப்ப அந்த கேசட்டெல்லாம் மண்ணோட மண்ணா வெளியில வந்துச்சு.

ஒண்ணு மட்டும் சொல்றேன். அந்தப் பன்னெண்டும் முழு கேம். முப்பது வருஷம் கழிச்சும் போட்டா ஓடும். அப்டேட்டுக்காக யார் வீட்டுக்கும் தூக்கிட்டுப் போக வேண்டியதில்ல.


முத்தியால்பேட்டை, புதுச்சேரி:

நான் கேம் சென்டர் வெச்சிருந்தவன். ஏழு வருஷம் நடத்தி, கொரோனா ஊரடங்கோட மூடினேன். ரெண்டு டிவி, ரெண்டு மெஷின், மணிக்கு 30 ரூபாய். வர்ற பசங்கள்ல முக்கால்வாசிப் பேர் கால்பந்து கேமுக்குத்தான் வருவாங்க. நம்ம ஊர்ல கால்பந்து மேல இருக்கிற பிரியம் உங்களுக்கே தெரியும்.

ஒரு வருஷம் புது கால்பந்து கேம் வருதுன்னு ஒரே பேச்சு. முகமெல்லாம் அச்சு அசலா இருக்கும், புல்லு தனித்தனியாத் தெரியும்னு வீடியோ ஓடுது. பசங்க தினமும், "எப்பண்ணே வரும், எப்பண்ணே வரும்?"னு கேக்குறாங்க. நானும் ரெண்டு பிரதிக்கு முன்கூட்டியே பணம் கட்டினேன். ஒண்ணு 3,499, மொத்தம் 6,998. வாசல்ல போஸ்டர் வேற ஒட்டினேன்.

முதல் நாள் இடம் இல்லாம வெளியில நின்னாங்க. புல்லு நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா பந்து கால்ல ஒட்டாது. பாஸ் கொடுத்தா ஆள் ஒரு கணம் யோசிச்சுட்டு அடிக்கிறான். கோல்கீப்பர் கைக்கு நேரா வர்ற பந்தை விட்டுட்டு நிக்கிறான். மூணாவது நாள் ஒரு பையன், ஒன்பதாவது படிக்கிறவன், என் பக்கத்துல வந்து குரலைத் தாழ்த்தி, "அண்ணே, தப்பா நினைக்காதீங்க, போன வருஷத்து கேமையே போட்டுத் தர்றீங்களா?"ன்னு கேட்டான். எனக்குச் சங்கடமாயிடக் கூடாதுன்னு அவ்வளவு மெதுவாக் கேட்டான். அந்த 6,998-ஐ எடுக்க 233 மணி நேரம் அதே டிஸ்க் ஓடணும். ரெண்டு டிஸ்க்கும் சேர்ந்து இருபது மணி நேரம் கூட ஓடல.

அதுக்கப்புறம் நான் டிரெய்லர் பார்க்கிறதை விட்டேன். கேம் வந்து பத்து நாள் ஆகட்டும், நம்ம கிட்ட இருக்கிற அதே மெஷின்ல ஒரு சாதாரண ஆள் ஆடுற வீடியோவா தேடி, நடுவுல ஒரு அரை மணி நேரம் பார்ப்பேன். முதல் பத்து நிமிஷம் எப்பவும் நல்லாத்தான் இருக்கும், அதுக்குத்தான் நிறைய உழைச்சிருப்பாங்க. நடுவுலதான் உண்மை தெரியும். வர்றதுக்கு முன்னாடி கேம் கண்காட்சியில காட்டுறது பெரும்பாலும் அதுக்குன்னே தனியா மெருகேத்தின ஒரு சின்னத் துண்டு, அதுவும் உசத்தியான கம்ப்யூட்டர்ல ஓடுறது. மொத்த கேமும் அந்தத் தரத்துல முடிஞ்சிருக்கணும்னு இல்ல.

கம்ப்யூட்டர்ல ஆடுறவங்களுக்கு இப்ப கொஞ்சம் பாதுகாப்பு இருக்கு. ஸ்டீம்ங்கிற ஆன்லைன் கேம் கடையில வாங்கி 14 நாளுக்குள்ள, ரெண்டு மணி நேரத்துக்குக் குறைவா ஆடியிருந்தா பணம் திரும்பக் கிடைக்கும். 2015-லிருந்து இந்த முறை இருக்கு. நல்லா இல்லன்னு தோணினா அந்த ரெண்டு மணி நேரத்துக்குள்ளயே முடிவெடுத்துடுங்க, "இன்னும் கொஞ்சம் போனா நல்லாயிருக்கும்"னு இழுக்காதீங்க. டிஸ்க்குனா பாதி விலைக்காவது கைமாத்தலாம்.


நெல்லிக்குப்பம்:

அண்ணா, அக்கா எல்லாருக்கும் வணக்கம். நான் காலேஜ் ரெண்டாம் வருஷம். ஜிடிஏ 6-ங்கிற கேமுக்காக பகுதிநேர வேலை பார்த்து காசு சேர்க்கிறேன். முதல்ல 2025-னாங்க, அப்புறம் 2026 மே 26-னாங்க, அதுக்கப்புறம் நவம்பர் 19-னு மாத்தினாங்க. இதையெல்லாம் படிச்ச பிறகு பயமா இருக்கு. ப்ரீ ஆர்டர் போட வேண்டாமா?


மஞ்சக்குப்பம், கடலூர்:

தம்பி, ஆசைப்படுறதுல ஒரு தப்பும் இல்ல. காசு சேர்த்து வை. ஆனா கையிலயே வெச்சிரு. முன்பணம் கட்டாதவங்களுக்கு கேம் தீர்ந்து போயிடாது, அது டவுன்லோடுதானே. முதல்ல உன்கிட்ட இருக்கிற மெஷினுக்கு அது வருதான்னு பாரு, பிளேஸ்டேஷன் 5-க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸுக்கும் மட்டும்தான் அறிவிச்சிருக்காங்க. அப்புறம் மேல அந்த அண்ணன் சொன்னபடி பத்து நாள் பொறு. தள்ளிப்போறதுக்காக வருத்தப்படாதே. அரைகுறையா கொடுக்கிறதுக்கு அது எவ்வளவோ மேல். 2016-ல நோ மேன்ஸ் ஸ்கைங்கிற கேம் வந்தப்ப எல்லாரும் திட்டினாங்க. பல பேர் சேர்ந்து ஆடலாம்னு எதிர்பார்த்தது முழுசா வந்தது 2018 ஜூலையிலதான். அதுவரைக்கும் பொறுத்தவங்க அதே கேமைச் சந்தோஷமா ஆடினாங்க, காசும் குறைவு.

அக்கா, அந்த நோட்டு இன்னும் இருக்கா? இருந்தா ஒரு பக்கமாவது படம் எடுத்துப் போடுங்க.

எங்க கதையில ஒண்ணு விட்டுப்போச்சு. அந்த 900 ரூபாயை நான் வாங்கிட்டுத்தான் வந்தேன். கூட 500 போட்டு, மறு வருஷம் பொங்கல் லீவுல காட் ஆஃப் வார் டிஸ்க் ஒண்ணு, யாரோ ஆடி முடிச்சது, பின்பக்கம் ரெண்டு கீறலோட வாங்கினேன். தம்பி கிட்ட சொல்லாம மெஷின்ல போட்டு வெச்சேன். ஸ்பெஷல் கிளாஸ் முடிஞ்சு வந்தவன், பையைக் கூடக் கழட்டாம நின்னுகிட்டே ஆட ஆரம்பிச்சான். பனி, மரம், அப்பன் பிள்ளை ரெண்டு பேரும் படகுல போறது, எதுவும் நிக்கல, எதுவும் சாம்பலாத் தெரியல. ஃபேன் மட்டும் அதே சத்தம். ஒரு மணி நேரம் கழிச்சு என் பக்கம் திரும்பி, "அப்போ நம்ம மெஷின்ல ஒண்ணும் இல்லியேண்ணா"ன்னான்.