காரீயக் குழாயைப் பாதி மட்டும் மாற்றினால் போதுமா?

கேள்வி (தக்கலைக்காரன்): தக்கலைப் பக்கம் பழைய ஓட்டு வீடு. தண்ணீர் மீட்டரிலிருந்து அடுக்களை வரை குழாய் 14 மீட்டர். அதில் 6 மீட்டர் காரீயக் குழாய், பெரும்பகுதி மண்ணுக்குள். சாவியால் சுரண்டினால் வெள்ளியாய் மின்னுகிறது, காந்தம் ஒட்டவில்லை. மீதி ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு). வெளியே தெரியும் 2 மீட்டர் காரீயத்தை மட்டும் வெட்டிவிட்டு சிபிவிசி பிளாஸ்டிக் குழாய் வைத்தால் போதும் என்கிறார் பிளம்பர். வீட்டில் 8 மாதக் குழந்தை. அதுவரை கொதிக்க வைத்துக் குடிக்கலாமா? ஈயச்சொம்பில் ரசம் வைக்கிறோமே, இதுவும் அதே ஈயம்தானா?

பதில் 1 (குழாய்வேலை): சொம்பு வெள்ளீயம், இது விஷமான காரீயம், இரண்டும் வேறு. கொதித்தால் தண்ணீர்தான் வற்றும், காரீயம் அப்படியே நிற்கும், செறிவு கூடும். யுவி மட்டும் உள்ள ஃபில்டரும் இதை எடுக்காது, ஆர்ஓ எடுக்கும். குழந்தைக்கு இன்றிலிருந்தே வேறு இடத்துத் தண்ணீர் கொடுங்கள்.

பாதி வேலை வேண்டவே வேண்டாம். வெட்டும்போது குழாயின் உட்புறப் படிவு உடைந்து, காரீயத் துகள் பல நாள் தண்ணீரோடு வரும். மண்ணுக்குள் 25 மி.மீ. எச்டிபிஇ (வளையும் பிளாஸ்டிக் குழாய்) போடுங்கள். கொஞ்சம் கூடுதலாக 8 மீட்டர் ஒரே துண்டாக வாங்கினால் நடுவில் ஜாயின்ட் வராது. நம்மூர் வெட்டுக்கல் மண்ணில் கூரான சில்லு குத்தும், அதனால் பள்ளத்தில் 10 செ.மீ. மணல் விரியுங்கள்.

தக்கலைக்காரன்: நன்றி அண்ணே. அப்போ ஜிஐ இருக்கட்டுமா?

பதில் 2 (தண்ணீர்ப்பரிசோதனை): அதையும் எடுங்கள். பல வருடம் காரீயக் குழாய்க்குப் பின்னால் இருந்த ஜிஐயின் துருவில் காரீயம் ஒட்டியிருக்கும். முன்னால் உள்ள காரீயக் குழாய் மாறினாலும் துரு உதிரும்போதெல்லாம் அது வெளியே வரும். உள்ளே 8 மீட்டருக்கு 3 மீட்டர் நீளத்தில் மூன்று சிபிவிசி போதும். சிபிவிசிக்கான பசையையே கேட்டு வாங்குங்கள். சாதாரண பிவிசி பசை பிடிக்காது. 24 மணி நேரம் காயவிட்டு, அழுத்தம் கொடுத்துப் பார்த்த பிறகே சுவரைப் பூசுங்கள்.

முடிந்ததும் குழாய் முனையிலுள்ள வலையைக் கழற்றிவிட்டு, 30 நிமிடம் முழு வேகத்தில் திறந்துவிடுங்கள். பிறகு 6 மணி நேரம் யாரும் தண்ணீர் எடுக்காமல் இருந்து, முதலில் வரும் ஒரு லிட்டரை ஆய்வகத்துக்குக் கொடுங்கள். வழக்கமான பரிசோதனையில் காரீயம் சேராமல் போகலாம், தனியாகச் சொல்லுங்கள். இந்தியக் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500-இன்படி காரீயத்துக்கு வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை பாருங்கள்.

பதில் 3 (வயர்மேன்): எல்லோரும் விட்ட ஒன்று. பழைய வீடுகளில் எர்த் கம்பியை இரும்புக் குழாயில் கட்டியிருப்பார்கள். பிளாஸ்டிக் வந்ததும் எர்த் அறுந்துபோகும், ஷாக் அடிக்கும். குழாயை வெட்டும் முன் தனி எர்த் குழி போட்டுக் கம்பியை மாற்றுங்கள். மீட்டருக்கு வெளியே உள்ள இணைப்பில் நீங்களே கை வைக்காதீர்கள். அங்கேயும் காரீயம்தானா என்று குடிநீர் வழங்கும் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள்.