458 ஸ்பெஷாலேயா, 675எல்டியா: எதை வாங்கி வைப்பது?

கேள்வி:
ஃபெராரி 458 ஸ்பெஷாலே, மெக்லாரன் 675எல்டி ஆகிய இரண்டில் ஒன்றை வாங்க எண்ணியுள்ளேன். வேகத்தில் மெக்லாரன் முந்துகிறது. அதன் கூபே (நிலையான கூரை உள்ள வகை) 500 மட்டுமே செய்யப்பட்டதால் எண்ணிக்கையிலும் அதுவே அரியது. ஸ்பெஷாலே கூபேவுக்கோ ஃபெராரி எந்த வரம்பையும் அறிவிக்கவில்லை. அப்படியிருந்தும் சந்தையில் ஸ்பெஷாலேவுக்கே கூடுதல் விலை சொல்கிறார்கள். இதன் காரணத்தை விளக்க இயலுமா? காரை ஓட்டவும் வேண்டும், பின்னாளில் விற்கும்போது கை கடிக்கவும் கூடாது.

பதில் 1:
செயல்திறனில் ஐயமில்லை. 675எல்டியின் 3.8 லிட்டர் இரட்டை டர்போ வி8 எஞ்சின் 675 குதிரைத்திறனும் 700 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தருகிறது, ஸ்பெஷாலேயின் 4.5 லிட்டர் எஞ்சின் தருவது 605, 540. நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை எட்டுவதில் இரண்டும் ஏறத்தாழச் சமம் என்றாலும், 200ஐ எட்ட மெக்லாரனுக்கு 7.9 நொடியும் ஃபெராரிக்கு 9.1 நொடியும் ஆகின்றன. கார்பன் ஃபைபர் உடற்கூட்டின் துணையோடு மெக்லாரன் 1,230 கிலோ உலர் எடையில் (எரிபொருள் போன்ற திரவங்கள் இல்லாத எடை) நிற்கிறது, ஸ்பெஷாலேயோ அதைவிட 60 கிலோ கூடுதல். பந்தயத் தடத்தில் நேரம் குறிப்பவருக்கு இதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

பதில் 2:
முதல் பதிலின் எண்கள் சரியானவை. ஆனால் சேகரிப்பவர் கடிகாரத்தைப் பார்த்து வாங்குவதில்லை. 2015இல் 458இன் வாரிசான 488 ஜிடிபி டர்போவுடன் வந்ததும், நடுவில் எஞ்சின் வைத்த ஃபெராரி வி8 கார்களில் டர்போ இல்லாத மரபு 458உடன் முடிந்துபோனது. அந்த மரபின் உச்சம் ஸ்பெஷாலே. நிமிடத்துக்கு 9,000 சுழற்சி வரை தயக்கமின்றி ஏறும் அந்த எஞ்சினின் குரலும், மிதியை அழுத்திய கணமே கிடைக்கும் எதிர்வினையும் பின்னர் வந்த டர்போ கார்களில் அதே வடிவில் இல்லை. 360 சாலஞ்ச் ஸ்ட்ராடாலே, 430 ஸ்குடேரியா என்ற ஃபெராரி சிறப்புப் பதிப்புகளின் வரிசையில் அடுத்ததாக நிற்பதும் அதற்குக் கைகொடுக்கிறது. 675எல்டியின் வேகத்தையோ மெக்லாரனின் சொந்த 720எஸ் இரண்டே ஆண்டில் கடந்துவிட்டது. வேகத்துக்காகக் கொடுத்த விலை அடுத்த மாதிரி வரும்வரைதான் நிற்கும். 500 என்ற எண் இதை ஈடுசெய்யவில்லை, ஏனெனில் கூபேவைத் தொடர்ந்து ஸ்பைடரும் (கூரை திறக்கும் வகை) 500 வந்தது, பிறகு 600எல்டி, 765எல்டி என எல்டி பெயரும் பரவலாயிற்று.

பதில் 3:
மேலே உள்ளவர் 675எல்டியைச் சற்றுக் குறைத்தே மதிப்பிடுகிறார். 1997ஆம் ஆண்டின் எஃப்1 ஜிடிஆர் பந்தயக் காருக்குப் பின் 'நீண்ட வால்' (லாங்டெய்ல், சுருக்கமாக எல்டி) பெயரை முதலில் தாங்கிய சாலைக் கார் அதுவே; ஒரு வரிசையின் முதலாவது என்பதற்கும் சேகரிப்பாளரிடம் மதிப்புண்டு. ஆனாலும் நட்டம் கூடாது என்பதே நிபந்தனையானால் நானும் ஸ்பெஷாலேயையே சொல்வேன். எதை வாங்கினாலும் முழுமையான பராமரிப்பு ஆவணமும், மாற்றப்படாத பெயிண்ட்டும் உள்ளதாகப் பாருங்கள். ஓட்டாமலேயே பூட்டி வைத்த காரைக் கண்டு மயங்க வேண்டாம். ரப்பர் அடைப்புகள் காய்ந்துபோகும். ஓட்டப் போகிறவர் நீங்கள் என்பதால், மிகக் குறைந்த கிலோமீட்டருக்காகக் கொடுக்கும் கூடுதல் தொகை முதல் கோடையிலேயே கரைந்துவிடும்.

கேட்டவர்:
நன்றி. நடுத்தர ஓட்டமுள்ள ஸ்பெஷாலே ஒன்றைப் பார்க்கப் போகிறேன். முதலில் அதன் ஆவணங்களைக் கேட்டிருக்கிறேன்.